ஊட்டியில் இருந்துகொண்டு நிலாக் கல்லை அளக்க: கேமராவா, சூடேற்றும் மேடையா, தங்கக் கோளமா?

நிலா, செவ்வாய் மாதிரி இடங்களின் பாறைகளுடைய வெப்ப உமிழ்திறனை அளக்க எந்த முறை நல்லது என்று தேடினால் கிடைக்கிற பதில்கள் எல்லாம் அரிசோனாவிலோ பெர்லினிலோ உட்கார்ந்து எழுதியவை. அங்கே ஜூலை மாதம் மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து மேசைமேல் படியாது. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் சின்ன ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதில்கள் பாதிதான் பொருந்தும், மீதியை ஈரமும், சமவெளியிலிருந்து சிலிண்டர் ஏற்றிவரும் வண்டியும்தான் தீர்மானிக்கும். எங்களிடம் ஏற்கெனவே ஒரு பழைய எஃப்டிஐஆர் நிறமாலைமானி (அகச்சிவப்பு ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் கருவி) இருக்கிறது. அதோடு எதைச் சேர்த்து வாங்கலாம் என்று அலசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உமிழ்திறன் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் ஒரு வெப்பநிலையில் வெளிவிடும் கதிர்வீச்சை, அதே வெப்பநிலையில் உள்ள கரும்பொருள் (விழுவதை முழுக்க உறிஞ்சி, முழுக்க உமிழும் பொருள்) வெளிவிடுவதால் வகுத்தால் வருகிற எண் அது, 0-வுக்கும் 1-க்கும் நடுவில் நிற்கும். ஆனால் பாறை விஷயத்தில் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அலைநீளத்தோடு அது எப்படி ஏறி இறங்குகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. சிலிக்கேட் கனிமங்களில் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்து அதிர்வதால் 8 முதல் 12 மைக்ரான் வரை உமிழ்திறன் பள்ளமாக இறங்கும். ரெஸ்ட்ஸ்ட்ராலன் பட்டைகள் என்று அவற்றைச் சொல்வார்கள். அதற்குச் சற்று முன்னால், உமிழ்திறன் கிட்டத்தட்ட 1-ஐத் தொடுகிற உச்சி ஒன்று வரும், அது கிறிஸ்டியன்சன் புள்ளி. கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பாருக்கு அது 7.8 மைக்ரான் பக்கம், ஆலிவினுக்கு 9-ஐ நெருங்கி இருக்கும். 2009-ல் ஏவப்பட்ட நாசாவின் எல்ஆர்ஓ நிலா ஆர்பிட்டரில் இருக்கும் டிவைனர் கருவி, 7.8, 8.25, 8.55 மைக்ரான் என்று மூன்றே மூன்று பட்டைகளை வைத்துக்கொண்டு இந்த உச்சி எங்கே நிற்கிறது என்று பார்த்து, நிலா முழுக்கச் சிலிக்கேட் வரைபடம் போட்டது. செவ்வாயில் மெரிடியானி சமவெளியில் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு இருப்பதை மேலிருந்து சொன்னதும் இதே மாதிரி ஒரு வெப்ப உமிழ்வு நிறமாலைமானிதான், அதை நம்பித்தான் 2004-ல் ஆப்பர்ச்சுனிட்டி ரோவரை அங்கே இறக்கினார்கள். மேலிருந்து வரும் நிறமாலைக் கோட்டை எதனோடு ஒப்பிடுவது? ஆய்வகத்தில் அளந்த கோட்டோடுதான். அதனால் ஆய்வகக் கோடு கோணலாக இருந்தால் மேலே இருப்பதும் கோணலாகத்தான் தெரியும்.

நாங்கள் அளக்க நினைக்கும் கற்கள் மூன்று வகை. ஒன்று சித்தம்பூண்டி அனார்த்தசைட். நாமக்கல் மாவட்டத்துக் கல், கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் நிறைந்தது, நிலாவின் மேட்டு நிலப் பாறைக்கு நெருங்கிய சொந்தம், இஸ்ரோ சந்திரயான் தரையிறக்கச் சோதனைக்குச் செயற்கை நிலா மண் தயாரித்தது இதிலிருந்துதான். இரண்டாவது நம்மூர்ச் சார்னோக்கைட், அதாவது மலை முழுக்கக் கிடக்கும் கருங்கல். அது எந்தக் கோளுக்கும் நேரடி மாதிரி இல்லை. ஆனால் ஃபெல்ட்ஸ்பாரும் பைராக்சீனும் குவார்ட்சும் ஒரே கல்லில் இருப்பதால் கைப்பழக்கத்துக்கு அதைவிட நல்ல கல் கிடைக்காது. மூன்றாவது லேட்டரைட் செம்மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, செவ்வாய்க்காக.

முதல் வழி, இருப்பதிலேயே மலிவானது: தெர்மல் கேமராவும் கருப்பு இன்சுலேஷன் டேப்பும். கல்லைச் சூடேற்றி, அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, டேப்பின் உமிழ்திறன் 0.95 சொச்சம் என்று கேமராவில் வைத்து அதன் வெப்பநிலையைப் படித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருக்கும் வெறும் கல்லைக் காட்டி, அதே வெப்பநிலை வரும்வரை கேமராவின் உமிழ்திறன் எண்ணைக் குறைத்துக்கொண்டே போனால் கல்லின் எண் கிடைத்துவிடும். கோத்தகிரியிலிருந்து வரும் எங்கள் மாணவி இதைப் பார்த்துவிட்டு, "சார், இதுவே போதுமே, எதுக்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டாள். ரோவரின் கால் எவ்வளவு சூடாகும், பெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு தேங்கும் என்று கணக்குப் போடுகிற எஞ்சினியருக்குப் போதும்மா, நமக்குப் போதாது என்றேன். கேமரா ஏறக்குறைய 8 முதல் 14 மைக்ரான் வரை மொத்தத்தையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. குவார்ட்ஸ் 9 மைக்ரானில் போடும் ஆழமான பள்ளம் அந்தச் சராசரியில் கரைந்துபோய்விடும். பெரும்பாலான பாறைகளுக்கு 0.9-க்கு மேல் ஏதோ ஓர் எண் வரும், அதை வைத்து இது அனார்த்தசைட், அது பசால்ட் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் கேமராவை ஒதுக்கிவிடாதீர்கள். சூடேற்றிய பொடியின் மேற்பரப்பு சமமாகச் சூடாகியிருக்கிறதா, ஓரம் மட்டும் ஆறிப்போகிறதா என்று பார்க்க அதைவிட வசதியானது எதுவும் இல்லை.

இங்கே ஒரு பொறியைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் கல்லூரிகளில் இதுதான் அதிகம் நடக்கிறது. ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு எஃப்டிஐஆர் எடுத்துத் தருகிற இடங்களில், கல்லைப் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து வில்லையாக அழுத்தி அதன் ஊடே ஒளியைச் செலுத்தி ஒரு கோடு வரைந்து கொடுப்பார்கள். என்ன கனிமம் என்று கண்டுபிடிக்க அது நல்ல கோடுதான். ஆனால் அதைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டு உமிழ்திறன் என்று சொல்லக் கூடாது. வில்லைக்குள் ஒளி உறிஞ்சப்படுகிறது. பாறைப் பரப்பிலோ ஒளி முட்டித் திரும்புகிறது, துகள்களுக்குள் புகுந்து சிதறுகிறது, இது வேறு இயற்பியல். பள்ளங்களின் இடமே சற்று நகர்ந்து நிற்கும், உருவமும் மாறும். அதே கருவியில் மாட்டும் சின்னச் சிதறல் எதிரொளிப்புத் துணைக்கருவியும் கிட்டத்தட்ட அப்படித்தான். அது ஒரு சில கோணங்களில் வரும் ஒளியை மட்டும்தான் பிடிக்கும், அதனால் பட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு ஆழம் என்று சொல்லாது.

இரண்டாவது வழி, கல்லைச் சூடேற்றி அது உமிழ்வதை நேரடியாகப் பிடிப்பது. கருவிக்குள் இருக்கும் ஒளிமூலத்தை விட்டுவிட்டு கல்லையே ஒளிமூலமாக்குகிறோம். அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தில் செவ்வாய்க் கருவிக்கான கனிம நூலகத்தைத் தயாரித்தது இப்படித்தான்: கருப்பு பெயின்ட் அடித்த செப்புக் கிண்ணத்தில் மாதிரி, 80 டிகிரிச் சூடு, ஒப்பிட 70 டிகிரியிலும் 100 டிகிரியிலும் இரண்டு கரும்பொருள்கள். எதற்கு இரண்டு என்றால், டிடெக்டர் பார்ப்பது கல்லை மட்டும் இல்லை, கருவியும் தன் பங்குக்கு உமிழ்கிறது. அந்தப் பங்கையும் கருவியின் உணர்திறனையும் தனித்தனியாகப் பிரிக்க, வெப்பநிலை தெரிந்த இரண்டு பொருள்கள் கட்டாயம் வேண்டும். ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது சுவர். 80 டிகிரிக் கல்லைச் சுற்றி 15 டிகிரி அறை இருக்கிறது என்று வையுங்கள், ஊட்டிக்கு இது சரியான கணக்குத்தான். 10 மைக்ரானில் கல்லின் உண்மையான உமிழ்திறன் 0.70 என்றால், மீதி 0.30 பங்குக்கு அது சுவரின் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும். பிளாங்க் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், இதைக் கழிக்காமல் விட்டவருக்கு 0.70 என்பது 0.82 ஆகத் தெரியும். பள்ளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தூர்ந்துவிட்டது! 20 மைக்ரானுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே குளிர்ந்த சுவரும் சூடான கல்லும் உமிழ்வதில் வித்தியாசம் குறைவு. அதனால் மாதிரியைச் சுற்றி வெப்பநிலை தெரிந்த, தண்ணீர் ஓடும் கருப்புக் கூண்டு ஒன்று அவசியம். இதில் மலைக்கு ஒரு சின்ன லாபம் உண்டு: சமவெளியில் 35 டிகிரி அறையில் அளப்பதைவிட நமக்குக் கல்லுக்கும் சுவருக்கும் சூட்டு வித்தியாசம் அதிகம், கழிக்க வேண்டியது குறைவு.

கல்லின் வெப்பநிலை எவ்வளவு என்பது அடுத்த தலைவலி. 10 மைக்ரானில், 80 டிகிரிப் பக்கம், ஒரு டிகிரி தவறினால் உமிழ்திறன் 1.2 சதவீதம் தவறும். பொடிக்குள் தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலைக் கம்பியைச் சொருகினால் அது உள்ளே இருக்கும் சூட்டைச் சொல்லுமே தவிர மேற்பரப்பின் சூட்டைச் சொல்லாது. பொடி வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அதனால் எல்லோரும் செய்வது, கிறிஸ்டியன்சன் புள்ளியில் உமிழ்திறன் 1 என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்துக் கதிர்வீச்சிலிருந்தே வெப்பநிலையைப் பின்னோக்கிக் கணக்கிடுவது. சிலிக்கேட்டுக்கு இது நன்றாக வேலை செய்யும், ஹெமடைட் மாதிரி ஆக்சைடுகளுக்குக் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். இன்னொன்று, தெர்மோகப்பிளைக் கொதிநீரில் போட்டுச் சரிபார்க்கும் பழக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்: 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மூன்றாவது வழி தங்கக் கோளம். 1859-ல் கிர்க்காஃப் சொன்ன விதிப்படி, ஒளி ஊடுருவாத பொருள் சீரான வெப்பநிலையில் இருந்தால், எல்லாத் திசையிலும் அது திருப்பி அனுப்பும் ஒளியின் மொத்தத்தை 1-லிருந்து கழித்தால் உமிழ்திறன் வந்துவிடும். அந்த மொத்தத்தைச் சேகரிக்கத்தான் உள்ளே சொரசொரப்பாகத் தங்கம் பூசிய உருண்டை. (தங்கம் என்றதும் பயப்பட வேண்டாம், பூச்சு மெல்லியதுதான், விலை தங்கத்துக்காக இல்லை.) இதில் கல்லைச் சூடேற்ற வேண்டியதில்லை, கல்லின் வெப்பநிலை தெரிய வேண்டியதும் இல்லை. எப்சம் உப்பு மாதிரி நீரேறிய சல்பேட்டுகளை 80 டிகிரியில் வைத்தால் நீரை விட்டுவிட்டு வேறு கனிமமாகிவிடும், நீங்கள் அளக்க வந்தது ஒன்று, அளந்தது இன்னொன்று என்று ஆகிவிடும். செவ்வாய் உப்புகளைத் தொடுகிறவர்களுக்குக் கோளத்தை விட்டால் கதி இல்லை. விண்கல் துணுக்கு மாதிரி அரிய பொருளைச் சூடேற்றக் கை வராதவர்களுக்கும் இதுதான். வாங்குவதானால் மாதிரித் துளை அடிப்பக்கம் இருக்கிற கோளமாகப் பார்த்து வாங்குங்கள். துளை பக்கவாட்டில் இருந்தால் பொடி கொட்டிவிடும், கொட்டாமல் இருக்கக் கண்ணாடி மாதிரி ஏதாவது மூடினால் அதன் எதிரொளிப்பும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சரி, பின்னே ஏன் எல்லோரும் கோளமே வாங்கவில்லை? கோளத்துக்குள் ஒளி பல தடவை சிதறிவிட்டு டிடெக்டருக்கு வந்து சேர்வது சொற்பம். அறை வெப்பநிலையில் ஓடும் சாதாரண டிடெக்டருக்கு அது காணாது, மெர்க்குரி காட்மியம் டெல்லூரைடு டிடெக்டர் வேண்டும், அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். மைனஸ் 196 டிகிரியில் இருக்கிற திரவம், மூடி வைத்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மலையில் திரவ நைட்ரஜனை வழக்கமாகக் கையாள்கிறவர்கள் யார் என்றால் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற கால்நடைத் துறை ஆட்கள்தான். நமக்கு வேண்டியது கோவையிலிருந்து வர வேண்டும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ அன்றைய அளவீடு கோவிந்தா. வாரம் தவறாமல் ஒரு பொருளுக்காக மலைப்பாதையை நம்பியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, இது என் தனிப்பட்ட பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்துக்கு வருகிறேன், இங்கேதான் இரண்டு முறைகளும் உண்மையில் மோதுகின்றன. காற்றிலுள்ள நீராவி 5.5 முதல் 7.5 மைக்ரான் வரை கூர்கூராகக் கோடு போடும், 17 மைக்ரானைத் தாண்டினால் மறுபடி ஆரம்பிக்கும். அனார்த்தசைட்டின் கிறிஸ்டியன்சன் புள்ளி 7.8-ல் நிற்கிறது, அதாவது நீராவிக் கோடுகளின் வாசலிலேயே. கோள முறையில் மாதிரியையும் ஒப்பிடுவதற்கான தங்கப் பரப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக உடனே அளப்பதால் அந்தக் கோடுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சூடேற்றும் முறையில் குளிர் கரும்பொருள், சூடான கரும்பொருள், அப்புறம் மாதிரி என்று அளப்பதற்குள் அறை ஈரம் மாறியிருக்கும், குப்பை மிஞ்சும். ஆகவே ஈரத்தைத் தாங்குவதில் கோளம்தான் மேல், இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஈரத்தை விரட்டக் காற்றை உலர்த்தும் இயந்திரம் ஒன்றை ஒருமுறை வாங்கி வைத்துவிட்டால் கரன்ட் இருக்கும்வரை அது ஓடும். திரவ நைட்ரஜனுக்கு அப்படி ஒருமுறைத் தீர்வு இல்லை.

உலர் காற்று எப்படியும் வேண்டும், காரணம் நிறமாலைமானியின் வயிற்றுக்குள் இருக்கும் பீம் ஸ்ப்ளிட்டர், அதாவது ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் தகடு. வழக்கமாக வருவது பொட்டாசியம் புரோமைடில் செய்தது, அடிப்படையில் அது ஓர் உப்பு. ஆடி மாதத்தில் கருவியை அணைத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தால் அதன் பளபளப்பான முகம் பால் மாதிரி மங்கியிருக்கும், துடைத்தால் போகாது, மாற்றத்தான் வேண்டும். ஜிங்க் செலினைடில் செய்ததை மாட்டினால் ஈரக் கவலை இல்லை, ஆனால் அது 20 மைக்ரானோடு நின்றுவிடும், பொட்டாசியம் புரோமைடு 25 வரை போகும். சித்தம்பூண்டிக் கல்லுக்கும் சார்னோக்கைட்டுக்கும் 20 வரை தாராளமாகப் போதும். ஹெமடைட்டுக்குப் போதாது, அதன் முக்கியமான பட்டை ஒன்று 22 மைக்ரான் பக்கம் இருக்கிறது, இன்னொன்று 33-ல், அதற்குப் பொட்டாசியம் புரோமைடும் எட்டாது, சீசியம் அயோடைடு வேண்டும், அதுவும் ஈரத்துக்கு ஆகாத ஜன்மம். செம்மண்ணைத்தான் அளக்கப் போகிறோம் என்று முடிவு செய்திருப்பவர்கள், கருவியை அணைத்தாலும் உலர் காற்றை நிறுத்தாத ஏற்பாட்டைச் செய்துவிட்டு உப்பு ஸ்ப்ளிட்டர் வாங்கலாம். மற்றவர்களுக்கு ஜிங்க் செலினைடுதான் நிம்மதி. கொடைக்கானல்காரர்களுக்கு வடகிழக்குப் பருவமழையும் கெட்டியாக இறங்குவதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் இதே கதை.

கருவியைப் பற்றியே பேசிக்கொண்டு கல்லை மறந்துவிடக் கூடாது. வெப்ப அகச்சிவப்பு பார்ப்பது மேல்தோலை மட்டும்தான், சில பத்து மைக்ரான் ஆழம், அவ்வளவே. மலையில் வெளியே கிடந்த கருங்கல்லின் மேல் பாசியும் இரும்புக் கறையும் ஏறியிருக்கும், அப்படியே அளந்தால் பாசியின் நிறமாலைதான் வரும். ரோடு அகலப்படுத்த வெட்டிய இடத்தில் புதிதாக உடைந்த முகம் கிடைத்தால் நல்லது (காப்புக்காட்டுக்குள் போய்க் கல் பொறுக்க வேண்டாம், வனத்துறையிடம் விளக்கம் சொல்லி முடியாது). உடைத்து, அரைத்து, சல்லடையில் போட்டு, 710 முதல் 1,000 மைக்ரான் வரையிலான குருணையை எடுப்பதுதான் அரிசோனா நூலகத்தின் வழக்கம். சலித்த குருணையைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு மணியின்மேலும் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கும். கழுவிக் கழுவித் தண்ணீர் தெளிந்த பிறகு அடுப்பில் உலர்த்தி டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வைக்க வேண்டும். அந்த மாவை விட்டுவைத்தால் பள்ளங்கள் ஆழம் குறைந்து, 11 முதல் 13 மைக்ரான் பக்கம் இல்லாத புதுப் பள்ளம் ஒன்று தோன்றும். 60, 70 மைக்ரானுக்குக் கீழான பொடியில் ஒளி துகளுக்குள் புகுந்து வெளிவருவதால் வருகிற வினை அது. எந்த முறை என்பதைவிட இந்தச் சல்லடை வேலை முடிவை அதிகம் மாற்றும் என்பது என் எண்ணம், ஆனால் விலைப்பட்டியலில் சல்லடைக்குக் கடைசி வரிதான் கிடைக்கிறது.

இப்போது நிலா. நிலாவின் மேற்பரப்பு மாவு, அதுவும் வெற்றிடத்தில் கிடக்கிற மாவு. துகள்களுக்கு நடுவே வெப்பத்தைக் கடத்தக் காற்று இல்லாததால் மேலே ஒரு சூடு, அடியில் ஒரு சூடு. 2023-ல் சந்திரயான்-3 இறக்கிய, நிலா மண்ணின் வெப்பநிலையை ஆழவாரியாக அளந்த சாஸ்டே கருவியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், மேலே 50 டிகிரிக்கு மேல் இருந்தது, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 பக்கம் போய்விட்டது. நிறமாலை உருவாகும் மெல்லிய மேல்தோலுக்குள்ளேயே இப்படிச் சரிவு இருந்தால், சீரான வெப்பநிலை என்ற கிர்க்காஃபின் நிபந்தனை உடைந்துபோகிறது. கோளத்தில் அளந்து 1-லிருந்து கழிக்கும் வித்தை செல்லாது. நம் காற்றில் சூடேற்றி அளப்பதும் செல்லாது. வெற்றிடத்தில், சுற்றிலும் கடுங்குளிர் கூண்டு வைத்து, மேலிருந்து சூரியன் மாதிரி விளக்கால் சூடேற்றி அளந்தால் கிறிஸ்டியன்சன் புள்ளி குறுகிய அலைநீளத்துக்கு நகரும், உச்சிக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் அதிகமாகும். ஆக்ஸ்ஃபோர்டிலும், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே கூடங்கள் உண்டு. பெர்லினில் ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வகம் புதன், வெள்ளிக் கோள்களின் சூட்டுக்கே போகிறது. 2018-ல் புதனுக்குக் கிளம்பிய பெபிகொலம்போவில் இருக்கும் மெர்ட்டிஸ் கருவிக்காக அங்கே நூற்றுக்கணக்கான டிகிரிச் சூட்டில் கனிமங்களை அளக்கிறார்கள். மலையில் அப்படி ஒன்றைக் கட்டலாமா என்று கேட்டால், வேண்டாம். வெற்றிடப் பம்பு, திரவ நைட்ரஜன் கூண்டு, விடாத மின்சாரம் மூன்றும் ஒன்றாகக் கேட்கும் காரியம் அது.

ஆக நாங்கள் போகப்போவது சூடேற்றும் மேடைக்கு. ஜிங்க் செலினைடு ஸ்ப்ளிட்டர் (ஆகவே செம்மண் இப்போதைக்கு இல்லை), அறை வெப்பநிலை டிடெக்டர், இரண்டு கரும்பொருள், தண்ணீர்க் கூண்டு, காற்று உலர்த்தி, வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு ஒரு நல்ல யூபிஎஸ். முதலில் சுத்தமான குவார்ட்ஸ் குருணையை அளந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எகோஸ்ட்ரெஸ் (முன்பு ஆஸ்டர்) நிறமாலை நூலகத்தின் குவார்ட்ஸ் கோட்டோடு பொருத்திப் பார்த்துவிட்டு, அது ஒத்துப்போன பிறகே சித்தம்பூண்டியைத் தொட வேண்டும். ஒப்பிடும்போது எதிரே இருப்பது எதிரொளிப்பில் அளந்ததா, உமிழ்வில் அளந்ததா, துகள் அளவு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நூலகத்தில் மூவாயிரத்துக்கும் மேல் கோடுகள், எல்லாம் ஒரே மாதிரி எடுத்தவை அல்ல. சித்தம்பூண்டிக் கல் உருமாறிய பாறை, அதில் ஹார்ன்பிளெண்ட் என்ற கருநிறக் கனிமம் கலந்திருக்கும், அதனால் வெள்ளைப் பகுதியைக் கையால் பொறுக்கிப் பிரிக்க வேண்டும், அந்த வேலைக்கு மாணவி ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். உப்புகள் வந்தால் கோளம் இருக்கிற இடமாகப் பார்த்துச் சமவெளிக்கு எடுத்துப் போவோம். கழுவும்போது கிண்ணத்தின் அடியில் தங்கும் மாவைக் கொட்டாமல் உலர்த்திச் சீசாவில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன், வெற்றிடக் கூடம் வைத்திருப்பவர்கள் நேரம் ஒதுக்கினால் அனுப்ப வேண்டியது அதைத்தான்.